வெள்ளானூருக்குப் பதினெட்டுப் பேர்

சாரண ஆசிரியர் வேலையில் கயிற்றில் முடிச்சுப் போடக் கற்றுக்கொடுப்பது சுலபம். அடுத்தவர் பெற்ற பிள்ளைகளை ஓர் இரவு வெளியே தங்கவைத்து, மறுநாள் அப்படியே திருப்பிக் கொடுப்பதுதான் கஷ்டம். பள்ளிச் சுற்றுலாவில் பஸ் கிளம்பும்போது தலைகளை மறுபடி மறுபடி எண்ணிப் பார்த்தவர்கள், அக்கா பிள்ளைகளைப் பொருட்காட்சிக்குக் கூட்டிப்போய் ஒன்றைக் காணாமல் தேடியவர்கள், நீங்கள் எல்லோரும் என் கட்சிதான். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் பின்பாதியில் அம்பத்தூர்ப் பள்ளி ஒன்றில் நான் கணக்கு வாத்தியார். முன்பிருந்த சாரண ஆசிரியர் மாற்றலாகிப் போனதும் அவருடைய விசில் என் கழுத்துக்கு வந்து சேர்ந்தது. வந்த ஜோரில் ஒரு திட்டம் போட்டேன். சனிக்கிழமை மதியம் மின்சார ரயிலில் ஆவடி, அங்கிருந்து வயல்வழியாக நடந்து வெள்ளானூர், இரவு அங்குள்ள பஞ்சாயத்துப் பள்ளியில் தூக்கம், ஞாயிறு மதியம் வீடு. பதினெட்டுப் பையன்கள், அணிக்கு ஆறு பேராக மூன்று அணிகள். தலைமை ஆசிரியர் ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: "ஒவ்வொரு அணியோடயும் எப்பவும் ஒரு பெரியவர் இருக்கணும். இல்லேன்னு எனக்குத் தெரிஞ்சா, அன்னியோட சாரணர் படையை மூடிடுவேன்."

கேள்வி கேட்ட அம்மா

பதினேழு பெற்றோர் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பாதிப் பேர் படித்துப் பார்த்திருப்பார்களா என்பதே சந்தேகம். பதினெட்டாவது ஸ்டெல்லா அம்மாள். ஏழாம் வகுப்பு ஜோசப்பின் தாய். அம்பத்தூர் தொழிற்பேட்டையில், எங்கள் பேச்சில் எஸ்டேட்டில், ஒரு துணி கம்பெனியில் தையல் வேலை, கணவர் மஸ்கட்டில். ஒரே பையன். "இவனுக்கு ஒண்ணுன்னா நான் அவருக்கு லெட்டர்ல என்னா எழுதுறது?" என்றுதான் பேச்சையே ஆரம்பித்தார்.

பிறகு கேள்விகள் வந்தன. தங்கும் இடத்தில் கிணறு இருக்கிறதா, அதற்குச் சுவர் இருக்கிறதா? பாம்பு? ராத்திரி ஒன்றுக்குப் போக எவ்வளவு தூரம்? பையன் வழிதவறினால் என்ன செய்வான்? ஜுரம் வந்தால் எந்த டாக்டர், எந்த வண்டி? நான் தலையைத் தலையை ஆட்டினேனே தவிர ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது. பதினேழு பேர் நம்புகிறார்கள், இந்த அம்மாளுக்கு மட்டும் என்ன என்று நினைத்தேன். அவர் கடிதத்தைத் திருப்பி என் கையில் கொடுத்தார்: "நான் கேட்டதெல்லாம் பின்னாடி எழுதிக்கினு போங்க சார். பதில் தெரிஞ்சிட்டு வாங்க, அப்புறம் கையெழுத்தைப் பத்திப் பேசலாம்."

சைக்கிளில் ஒரு ஞாயிறு

அடுத்த ஞாயிறு நானும் தணிகாசலமும் ஆவடியிலிருந்து சைக்கிளில் வழி பார்க்கப் போனோம். தணிகாசலம் எங்கள் பள்ளியின் பழைய மாணவன், முன்னாள் சாரணன். அப்போது எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான். ஸ்டெல்லா அம்மாளின் கேள்வித்தாள் என் சட்டைப்பையில் இருந்தது. அது இல்லாவிட்டால் நான் வரப்பையும் பனைமரத்தையும் பார்த்து ரசித்துவிட்டுத் திரும்பியிருப்பேன்.

பள்ளிக்குப் பின்னால் கிணறு இருந்தது, சுவர் இல்லை. சத்துணவு ஆயா கன்னியம்மாதான் பள்ளிச் சாவி வைத்திருந்தார். நாங்கள் கேட்டதும் முள் வெட்டி வேலி கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டார். அடுத்த தெருவில் டிராக்டர் வைத்திருந்தவர், அவசரமென்றால் எந்த நேரத்திலும் ஆவடி ஆஸ்பத்திரிக்கு ஓட்டுவதாகச் சொன்னார். பஞ்சாயத்துத் தலைவரிடமும் பள்ளியைச் சுற்றியுள்ள வீடுகளிலும் விஷயத்தைச் சொல்லிவைத்தோம். பள்ளிக்கு ஒன்றரை மைல் முன்னால், பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் பத்துப் பன்னிரண்டு வீடுகள் இருந்தன. அங்கே ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தோம். குடித்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் சைக்கிளை மிதித்துவிட்டோம். அதற்கான பலன் பின்னால் வருகிறது.

கடைசியாகப் பாம்பைப் பற்றிக் கன்னியம்மாவிடம் கேட்டேன். அவர் அவசரப்படாமல் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "பாம்பு கீதான்னா, கீது சார். அதுங்க பாட்டுக்கு அதுங்க கீதுங்க, நாங்க பாட்டுக்கு நாங்க கீறோம். உங்க பசங்க டார்ச்சு அடிச்சிகினு நடந்தா ஒண்ணும் ஆவாது."

கையெழுத்து

பதில்களோடு ஸ்டெல்லா அம்மாள் முன்னால் போய் உட்கார்ந்தேன். பாம்பு உண்டு என்பதையும் மறைக்கவில்லை. அதைக் கேட்டுத்தான் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது என்று நினைக்கிறேன். வழிதவறினால் என்ன செய்வான் என்ற கேள்விக்கு ஜோசப்பையே பதில் சொல்லச் சொன்னேன். "அலையக் கூடாது. கடைசியா அடையாளம் பாத்த எடத்துக்குத் திரும்பி வந்து உக்காரணும். மூணு தடவ விசில் ஊதணும். சார் வர வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது," என்று ஒப்பித்தான். ஸ்டெல்லா அம்மாள் பேனாவை வாங்கிக்கொண்டார்: "நான் இந்தப் பேப்பரை நம்பிப் போடல சார். உங்கள நம்பிப் போடுறேன்."

மூட்டை

சனிக்கிழமை மதியம் பள்ளி மைதானத்தில் மூட்டைகளைத் திறந்து பார்த்தோம். ஓர் இரவுக்கு வேண்டியது ஒரு போர்வை, தட்டு, டம்ளர், டார்ச் என்று பட்டியல் கொடுத்திருந்தேன். வந்தவை: பிரஷர் குக்கர் ஒன்று, தலையணை ஏழு, இரும்புப் பெட்டி ஒன்று, அதைக் கட்டிவைக்கச் சங்கிலியும் பூட்டும், ஐம்பது இட்லி கொண்ட தூக்கு ஒன்று. ஜோசப்பின் பையில் மட்டும் பட்டியலில் உள்ளதெல்லாம் இருந்தது. கூடவே ஒரு சின்னச் சீட்டில் அவன் பெயர், விலாசம், எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்ற விவரம். அதைப் பார்த்துவிட்டு மற்றப் பதினேழு பேருக்கும் அப்படி ஒரு சீட்டு எழுதவைத்தேன்.

இரும்புப் பெட்டிக்காரன் பெட்டியை விட்டுவர மறுத்து அழ ஆரம்பித்தான். தணிகாசலம் அவன் தோளில் கையைப் போட்டான்: "மச்சான், இந்தப் பொட்டியத் தூக்கிகினு ஆறு கிலோமீட்டர் நீ நடந்துட்டா, நாளைக்கே உனக்கு எங்க கம்பெனில வேல வாங்கித் தரேன்."

அம்புக்குறி

மூன்றாவது பெரியவராக வருவதாகச் சொல்லியிருந்த உடற்பயிற்சி ஆசிரியர் ஸ்டேஷனுக்கு வரவில்லை. வீட்டில் திடீரென்று விருந்தாளிகள் என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினார். இரண்டு ரயிலை விட்டுப் பார்த்தேன். பதினெட்டு முகங்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. திரும்பிப் போகலாம் என்று சொல்லாமல் அடுத்த ரயிலில் ஏற்றிவிட்டேன்.

தடம் பின்பற்றும் போட்டி ஒன்று வைத்திருந்தோம். புலி அணி முன்னால் போய்ச் சாக்பீஸாலும் கற்களாலும் அம்புக்குறி போட வேண்டும். கால் மணி நேரம் கழித்துக் கழுகு அணி அதைப் பார்த்துப் போக வேண்டும். கடைசியாக வரும் மான் அணி குறிகளையெல்லாம் அழித்துக்கொண்டே வரவேண்டும். புலிகளோடு தணிகாசலம் போனான். அழிக்கிற வேலையில் சண்டை வரும் என்று மான்களோடு நான் நின்றேன். நடுவில் கழுகுகள் தனியாகப் போயின. ஜோசப் அந்த அணியில்தான். மூன்று அணியை இரண்டாகச் சேர்த்திருக்கலாம். போட்டி கெட்டுவிடுமே என்று பார்த்தேன். இன்றைக்கும் நினைத்தால் என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

பாதை பிரியும் அந்த இடத்தில், ஒரு வீட்டுச் சுவரில் புலிகள் வலப்பக்கம் அம்பு போட்டிருக்கிறார்கள். நான் வந்தபோது சுவரில் அம்பு இல்லை. எனக்குத்தான் வழி தெரியுமே, அதனால் அம்பைத் தேடவும் இல்லை. அதற்கு முந்தைய குறியை அழித்துவிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டு மான்களோடு வலப்பக்கம் திரும்பி நடந்தேன். வெள்ளானூர்ப் பள்ளியை அடைந்தபோது வெயில் இறங்கிவிட்டது. வாசலில் நின்றிருந்த தணிகாசலம் என் பின்னால் வந்த ஆறு பேரையும் எண்ணினான். பிறகு பாதையைப் பார்த்தான்: "சார், கழுகு எங்க?"

மூன்று விசில்

அந்த ஒன்றரை மைலை டிராக்டர்காரரின் சைக்கிளில் எப்படித் திரும்பி மிதித்தேன் என்று எனக்குத் தெரியாது. ஸ்டெல்லா அம்மாளின் கையெழுத்துதான் கண் முன்னால் நின்றது. கிணறு, ஏரி, இருட்டு என்று மனசு ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டது. கணக்கு வாத்தியாருக்குப் பதினெட்டில் ஆறு குறைகிறது. அழுதுகொண்டேதான் போனேன், சொல்வதற்கு வெட்கமில்லை.

பாதை பிரியும் இடத்தில் தெருவிளக்கடியில் கூட்டம். இருபது பேர் கையில் தடி. நடுவில் ஆறு பையன்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, மடியில் தட்டு வைத்துக் குழம்புச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சைக்கிளைப் போட்டுவிட்டு எண்ணினேன். ஆறு. மறுபடி எண்ணினேன். ஆறுதான்.

நடந்தது இது. அந்தப் பக்கம் கொஞ்ச நாளாகத் திருட்டுப் பயம். சுவரில் அம்புக்குறியைப் பார்த்த வீட்டுக்கார அம்மாள், திருடன் அடையாளம் வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று சாணியைக் கரைத்துச் சுவரில் அடித்துவிட்டார். நாங்கள் தண்ணீர் குடித்தது அவர் வீட்டில்தான். அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்பு நின்றிருக்கும். குறி இல்லாமல் கழுகுகள் இடப்பக்கம் போய்விட்டன. ரொம்ப தூரம் குறியே வராததால், கற்றுக்கொடுத்தபடி கடைசிக் குறியைத் தேடித் திரும்பியிருக்கிறார்கள். அதற்குள் அதை நான் அழித்துவிட்டுப் போயிருந்தேன். அதனால் பாதை பிரியும் இடத்திலேயே சுவரோரம் உட்கார்ந்து மூன்று தடவை விசில் ஊதியிருக்கிறார்கள். அந்த ஊர் இளவட்டங்களுக்கு மூன்று விசில் என்றால் திருடன் வந்துவிட்டான் என்று அர்த்தம். தடியோடு ஓடிவந்தால், காக்கி உடையில் ஆறு பொடியன்கள் எழுந்திருக்காமலேயே சல்யூட் அடித்தார்களாம்.

தடி வைத்திருந்த ஒருவர் என்னிடம் சொன்னார்: "ராவு ஆயிடுச்சி, வந்து ஊட்டுக்குள்ள குந்துங்கடான்னா ஒருத்தனும் அசையல சார். தோ, இந்தப் பொடியன்தான், எங்க சார் வருவாரு, எழுந்திருக்கக் கூடாதுன்னே சொல்லிகினு கீறான்." பொடியன் ஜோசப். அவனைத் தூக்கிக்கொண்டேன். அவன் கையிலிருந்த குழம்பு என் சட்டையெல்லாம் ஆனது. அந்தத் தெருவில் இருந்த ஒவ்வொருவரையும் கையெடுத்துக் கும்பிட்டேன். பள்ளிக்குக் கிளம்பலாம் என்று பையன்களை எழுப்பப் போனேன். சோறு போட்ட அந்த வீட்டுக்கார அம்மாள் கரண்டியை நீட்டித் தடுத்தார்: "இன்னா அவசரம் சார்? நீங்க இப்பத்தான் வர்றீங்க, அதுங்க அப்போலேந்து குந்திகினு கீதுங்க. துன்னு முடிக்கட்டும்."

மூன்றாவது ஆள்

ஞாயிறு மதியம் அம்பத்தூர் ஸ்டேஷனில் பிள்ளைகளை ஒப்படைத்தேன். ஸ்டெல்லா அம்மாளைத் தனியாக அழைத்து, யார் வாயிலிருந்தும் கேட்கும் முன்பே நானே எல்லாவற்றையும் சொன்னேன். பெரியவர் இல்லாமல் அனுப்பியதையும் சேர்த்து. "எவ்ளோ நேரம்?" என்று மட்டும் கேட்டார். ஒன்றரை மணி நேரம் என்றேன். பையன் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் அன்றைக்குத் தூங்கியிருப்பேன்.

திங்கள் காலை தலைமை ஆசிரியரிடமும் சொன்னேன். நிபந்தனையை மீறியது நான், பையன்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்றேன். அவர் சாரணர் பதிவேட்டை எடுத்துத் தன் மேஜை டிராயருக்குள் வைத்தார். விசிலையும் கேட்டார். கழுத்திலிருந்து கழற்றிக்கொண்டிருந்தபோது, ஸ்டெல்லா அம்மாள் வெளியே நிற்பதாகப் பியூன் வந்து சொன்னார். கம்பெனிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். புகார் கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று நான் சுவரைப் பார்த்து நின்றேன்.

அவர் உட்காரவில்லை. "ராத்திரி பாத்ரூமுக்குப் போவக்கூட என்னை எழுப்புற பையன் சார் அவன். அவன் தெரியாத ஊர்ல, இருட்டுல, அழாம உக்காந்திருக்கான். அத எனக்குக் கத்துக்குடுக்கத் தெரியல, இவரு குடுத்திருக்காரு," என்றார். தலைமை ஆசிரியர் நிபந்தனையை நினைவூட்டினார். ஸ்டெல்லா அம்மாள் தலையசைத்தார்: "நீங்க போட்ட கண்டிஷன் சரிதான் சார், இவரு பண்ணதுதான் தப்பு. அடுத்த தடவையிலேந்து அந்த மூணாவது ஆளு நான். அத முதல்ல எழுதிக்குங்க."

அதன்பின் பத்து வருடம், ஒரு பையனுக்கும் ஒரு கீறல்கூட இல்லாமல் கூட்டிப்போய்க் கூட்டிவந்தவன் என்று பள்ளியில் எனக்கு நல்ல பெயர். கூட்டிவந்தது யார் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரிந்தால் போதும்.