மேட்டின் மேல் வெள்ளைக் கம்பளி

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். வாதாட எனக்குத் தெம்பில்லை. இது எனக்கு நடந்தது.

மலை மேய்ச்சலிலிருந்து ஆடுகளை நாரின் ஊர்ப் பக்கம் இறக்கிக்கொண்டிருந்தோம். நான், என் கணவர் ஜூமாபெக், மூன்று வயது மகன் எர்மெக். விடாத மழை. பையனுக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. பள்ளமெல்லாம் தண்ணீர். ஒதுங்க ஒரு பழைய புதைமேடுதான் கிடைத்தது. நனையாமல் இருந்தது, நாத்தனார் கல்யாணத்துக்கென்று அடித்து வைத்திருந்த வெள்ளைக் கம்பளி மட்டும். அதை விரித்து அவனைக் கிடத்தினேன்.

"அந்தக் காலத்துல கானுக்கு, ராஜாவுக்குப் பட்டம் கட்டத்தான்டி வெள்ளைக் கம்பளியில வச்சுத் தூக்குவாங்க. உன் மகனுக்குப் பட்டமா கட்டற?" என்றார் ஜூமாபெக்.

"பிள்ளை காய்ச்சல்ல கிடக்கான், உங்களுக்கு நக்கல். போய் ஆட்டைப் பாருங்க."

சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். மணி ஏழு பத்து. இருட்டிக்கொண்டு வந்தது. உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டேன். அத்தனை அசதி.

சரக்... சரக்...

கம்பளி இழுபடும் சத்தம்.

"நீங்களா?"

அவருடைய சீழ்க்கை கீழே, தூரத்தில் கேட்டது.

பக்கத்தில் படுத்திருந்த எங்கள் ஆட்டு நாய் குரைக்கவில்லை. வாலை இடுக்கிக்கொண்டு நடுங்கியது.

கையை நீட்டித் தடவினேன். பையன் இல்லை.

கம்பளி மட்டும்... பாய் மாதிரி இறுகச் சுருண்டு கிடந்தது. இரண்டு முனையிலும் கயிறு. எங்கள் கயிறு இல்லை.

முடிச்சைப் பல்லால் கடித்தேன். வாயெல்லாம் மண்.

உள்ளே அசைவில்லை.

பிரித்தேன்.

எர்மெக் கண் திறந்திருந்தான். உடம்பு சில்லென்று இருந்தது.

"அம்மான்னு ஒரு சத்தம் போடக் கூடாதாடா கண்ணு?"

"கத்துனா இன்னும் இறுக்குவாங்களாம்... அண்ணனுங்க சொன்னாங்க."

அவனுக்கு அண்ணன் கிடையாது. எனக்கு அவன் ஒரே பிள்ளை.

அடுத்த கோடையில் தொல்லியல்காரர்கள் வந்து அந்த மேட்டைத் தோண்டினார்கள். மனசு கேட்காமல் போய்ப் பார்த்தேன். கம்பளிகளில் சுருட்டப்பட்ட சிறுவர்கள், ஏழு பேர். ஒருவன் எலும்பிலும் வெட்டுத்தடம் இல்லை. ராஜ ரத்தம் மண்ணில் சிந்தக் கூடாதாம். பட்டத்துக்கு வந்தவன் தன் தம்பிகளின் மூச்சை இப்படித்தான் நிறுத்தியிருக்கிறான் என்றார்கள். அவர்கள் பெயர்கூட யாருக்கும் தெரியவில்லை. பெற்றவள் எப்படித் தாங்கினாளோ.

பிள்ளைகள் ஏழு. ஆனால் சுருள் எட்டு இருந்தது.

எட்டாவதில் எலும்பே இல்லை. கட்டிய முடிச்சு அவிழவும் இல்லை. தோண்டியவர் அதை அளந்து பார்த்தார்.

"இது மூணு வயசுப் பையனுக்கானதும்மா" என்றார்.