தூணை வலம் வந்தவன்

கடையின் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். முனுசாமி மேஸ்திரி மழையில் நனைந்தபடி வந்து நின்றார். என் கோணிக் கிடங்கில் மூட்டை தூக்கும் ஆட்களுக்கு அவர்தான் தலைவர்.

"சூசை பூட்டான், நைனா."

என் சிநேகிதன் சூசை நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தான் என்று தெரியும். பொங்கலுக்குள் எழுந்துவிடுவான் என்று கணக்குப் போட்டிருந்தேன். கணக்குத் தப்பிவிட்டது.

ராயபுரத்தில் அடக்கம் முடிந்து திரும்பும்போது, அந்தக் காலத்தில் அவனோடு ஓட்டப் பந்தயங்களில் ஓடிய ஒருவர் சொன்னார்: "நல்லா ஓடுவான். கடசில தம் பத்தாது." அந்தப் பேச்சே நிலைத்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். சூசையைத் தெரிந்தவர்கள் படிக்க வேண்டும்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலை தன் ஓட்டக் குழுவுக்கு ஆள் எடுத்தது. தை மாதப் பந்தயத்தில் முதல் மூன்று பேருக்கு நிரந்தர வேலை. சூசை துறைமுகத்தில் தினக்கூலி. கப்பல் வராத நாளில் அவன் வீட்டில் அடுப்பு எரியாது. மைதானமெல்லாம் குளமாகிக் கிடந்தது. ஓடிப் பழக அவன் என்னிடம் இடம் கேட்கவில்லை. நானாகத்தான் கூப்பிட்டேன்: "திருவொற்றியூர்க் கிடங்கு பாதி காலிதான். வந்து ஓடு."

சிமெண்டுத் தரையில் கோணிகளை விரித்து, மைதானத்தில் ஓடுவதுபோல் நடுத்தூணை இடக்கைப் பக்கம் வைத்து வெறுங்காலோடு சுற்றி ஓட ஆரம்பித்தான். முதல் நாளே முனுசாமி கையைக் காட்டி நிறுத்தினார். தூணில் மூட்டைக்காரர்கள் மாட்டிய பிள்ளையார் படம் இருந்தது.

"அப்டிச் சுத்தக் கூடாது சூசை. சாமி கீறாரு. இப்டி வா."

சூசை தலையாட்டினான். திரும்பி, படம் வலக்கைப் பக்கம் இருக்கும்படி ஓடினான். மழைக்காலம் முழுக்க அப்படியே. சணல் தூசியில் இருமிக்கொண்டே ஓடுவான். மூட்டைக்காரர்கள் கிண்டல் செய்வார்கள்: "இன்னாபா செக்கு மாடு, எண்ண எறங்குச்சா?"

"எறங்குனா உன் தலைக்குத்தான் மாமு, மொத சொட்டு."

பந்தயத்தில் முக்கால்வாசி தூரம் அவன் இரண்டாவதாக ஓடியதை நானே பார்த்தேன். அங்கே ஓடுவது இடப்பக்கம் வளைந்து. ஒவ்வொரு வளைவிலும் தன் கோட்டிலிருந்து வெளியே விலகினான். வளைவில் விட்டதை நேர் ஓட்டத்தில் பிடித்தான். அடுத்த வளைவில் மறுபடியும் விட்டான். நான்காவதாக வந்தான்.

வளைவில் ஏன் விலகினான் என்று வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். வீங்கிய கணுக்காலைக் காட்டினான்.

"ஒரே பக்கமா சுத்தி சுத்தி கால் அப்டியே பழகிட்ச்சு மாமு. மைதானத்துக்குப் போனா தானா மாறிக்கும்னு நென்சேன்."

"மைதானத்துல வேற பக்கம்னு தெரிஞ்சும் ஏன்டா? அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"எங்க மாதா கோயில்ல எவனாவது தப்பா நடந்துக்கினா எனுக்கு நோவாதா? அவுங்களுக்கும் அப்டித்தானே. வுடு. யார்கிட்டயும் சொல்லாத."

சொல்லவில்லை. அவன் கடைசி வரை தினக்கூலியாகவே இருந்தான். அதே மூட்டைக்காரர்களோடு டீ குடித்தான், அவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் பந்தி பரிமாறினான்.

அடக்கம் முடிந்த மறுநாள் கிடங்கில் முனுசாமியிடம் சொன்னேன். இனிமேல் யாருக்காக மறைப்பது? அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரைக் காட்டினார்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா படத்தக் கயட்டி அந்தச் செவுத்துல மாட்டியிருப்பமே, நைனா. ஒரே ஒரு ஆணிதானே."

நான் கேட்டுக் கேட்டே முன்னுக்கு வந்தவன். கேட்காதவன் ஏமாளி என்பதுதான் என் தொழில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. சூசை செய்தது சரி என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அன்றைக்குக் கடைசி வரை அவனுக்குத் தம் பத்தாமல் போகவில்லை. அதை நான் பார்த்தேன். அவனிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு சாட்சிதான், கேட்பவர்களுக்கெல்லாம் சொல்வேன்.