சினை மீன்

கொல்லிமலையில் நான் நடத்தும் மெஸ்ஸுக்கு மீன்வளத்துறை அதிகாரி ஒருவர் வந்தார். கசங்காத சட்டை. எதையும் முகர்ந்து பார்த்துத்தான் வாயில் வைப்பார்.

"மீன் சினையா இருக்கிற காலம் இது. ரெண்டு மாசத்துக்கு விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது" என்று, கடலைத் தானே பெற்று வளர்த்தவர்போலப் பாடம் நடத்தினார். பிறகு தான் கொண்டுவந்த ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு வஞ்சிரத்தை எடுத்துக் கொடுத்தார். அறுத்தேன். வயிறு நிறையச் சினை.

"ஏனுங்க, சினை மீனைப் புடிக்கக்கூடாதுன்னுதானுங்களே சொன்னீங்க?"

"தடையை மீறின படகுல பறிமுதல் பண்ணினது. சினையை மட்டும் தனியா வறுத்துடுங்க."

எங்கள் மலையில் சினை மாட்டை ஏரில்கூடப் பூட்டமாட்டோம். வறுத்துக் கொடுத்தேன். அதை மட்டும் முகராமலே தின்றார்.

எது நாறினால் அந்த மூக்கு சுளிக்கும் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.