புகை அறைக் கதவு

மட்டாஞ்சேரியில் ஒரு புகை அறைக் கதவைத் தவறாகச் செய்யச் சொன்னவன் நான். அதனால் ஒரு பெண் உயிர் போகும் நிலைக்கு வந்தாள். பழியை ஆசாரியின் தலையில் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொண்டேன்.

ஐம்பதுகளின் பிற்பகுதி அது. கட்டட வேலை படித்து முடித்திருந்த எனக்கு, காயலை ஒட்டிய ஒரு பாண்டிகசாலையில், அதாவது சரக்குக் கிடங்கில், மராமத்து வேலைகளைப் பார்க்கும் உத்தியோகம். அங்கே சுக்கு வெளுக்க ஒரு சிறிய அறை இருந்தது. பரணில் சுக்கைப் பரப்பி, நடுவில் சட்டியில் கந்தகத்தைக் கொளுத்திவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்துவார்கள். அந்தப் புகையை இரண்டு மூச்சு இழுத்தால் மூன்றாவது மூச்சு வராது. அதனால் அந்த அறைக் கதவு எப்போதும் வெளிப்பக்கமாகத்தான் திறக்கும்.

பழைய கதவு உளுத்து, நிலையோடு பெயர்த்தாயிற்று. புதியதற்குக் கை, அதாவது கீல் எந்தப் பக்கம், திறப்பு எந்தப் பக்கம் என்று, சொல்ல வேண்டியது என் பொறுப்பு. கதவுக்குக் கை பார்ப்பது கடினமில்லை. ஆள் நுழையும் பக்கத்தில், வெளியே நிற்க வேண்டும். கீல் இடது பக்கம் வந்தால் இடக்கைக் கதவு, வலது பக்கம் வந்தால் வலக்கை. பிறகு, பலகை நம்மை நோக்கி வருமா, நம்மைவிட்டு உள்ளே போகுமா என்று பார்க்க வேண்டும். உள்ளே நின்று பார்த்தால் இரண்டும் மாறிவிடும்.

இடக்கை, நம்மை நோக்கி வர வேண்டும் என்று சரியாகத்தான் மனத்தில் வைத்திருந்தேன். அன்று நல்ல மழை. முற்றத்தில் தண்ணீர் நின்றது, சுண்ணக்கட்டிக் கோடு பிடிக்காது. நனையாமல் அறைக்குள் நின்றுகொண்டு, இடது பக்கம் கீல், என்னை நோக்கி வரும் பலகை என்று தரையில் வளைகோடு போட்டுவிட்டேன். ஆசாரி கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இதுதானே சாரே?"

"அதேதான்."

கதவு மாட்டிய அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. அது உள்ளே திறந்தது. நன்றாகச் சாத்தியது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

சில வாரங்கள் கழித்து, அடுத்த தடவை பரணில் பரப்புவதற்காகக் கொண்டுவந்த மூட்டைகளை அறைக்குள் கதவோரம் அடுக்கியிருந்தார்கள். அங்கே வேலை செய்த ஒரு சேச்சி உள்ளே போய்க் கந்தகத்தைக் கொளுத்தினாள். திரும்பும்போது அடுக்கு சரிந்து, மூட்டைகள் கதவின் மேல் விழுந்து அதைச் சாத்திவிட்டன. உள்ளேயிருந்து அவளால் இழுக்க முடியவில்லை. வெளியே நாங்கள் நாலு பேர் தள்ளினோம், விரற்கடை கூட நகரவில்லை. இடுக்கில் கந்தகப் புகை வந்தது. முதலில் அவள் தட்டினாள், பிறகு இருமினாள், பிறகு இரண்டும் நின்றன.

"கீலைக் கழட்டுங்க," என்று கத்தினேன்.

"கீலு உள்பக்கமல்லவா இருக்கு," என்றார் ஆசாரி. அன்று கூரைக்குச் சட்டம் மாற்ற வந்திருந்தார். "தள்ளி நில்லுங்க சாரே."

தன் கையால் செய்த கதவைத் தானே கோடாலியால் பிளந்தார். சேச்சியைக் கைவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எல்லோரும் வாசலுக்கு ஓடியிருந்தார்கள். மூட்டைகளை இழுத்துப்போட்ட இடத்தில் என் வளைகோடு அப்படியே வெள்ளையாக இருந்தது. அதைக் காலால் தேய்த்து அழித்தேன்.

முதலாளி கேட்டபோது, "வெளியே திறக்கத்தான் சொன்னேன். ஆசாரி மாற்றிச் செய்துவிட்டார்," என்றேன். ஆசாரி பக்கத்தில் நின்றார். வாய் திறக்கவில்லை. அந்தப் பஜாரில் அதன் பிறகு எந்தப் பாண்டிகசாலையும் அவரைக் கூப்பிடவில்லை. சேச்சி பிழைத்தாள். இருமல் விடாமல், மகளோடு வைக்கத்துக்குப் போய்விட்டாள். அவளிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை.

அறுபதுகளில் ஆசாரியைத் தேடிப் போனேன். தேயிலைப் பெட்டிகளுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் சாரே. உங்க குதிகாலெல்லாம் சுண்ணப்பொடி."

"ஏன் சொல்லலை?"

"என்கிட்ட யாரு கேட்டா?" ஆணி ஒன்றை அடித்து முடித்தார். "என்கிட்ட சொல்லி என்ன காரியம்? சாயாக்கடையில வந்து சொல்லுங்க."

மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்களும் பாண்டிகசாலைக் கணக்கப்பிள்ளைகளும் இருந்த நேரம் பார்த்துச் சொன்னேன். "முதலாளி கடையைக் கட்டி ஊருக்குப் போயாச்சு. இப்பத்தான் சாருக்கு நாக்கு வந்துது," என்றார் ஒருவர். சிரித்தார்கள். பிறகு சின்னக் கடைகள் சில ஆசாரியைக் கூப்பிட்டன. பெரிய இடங்கள் கூப்பிடவில்லை.

என் வீட்டு வாசல் கதவுக்கு அவரை அழைத்தேன். வருவார் என்று நினைக்கவில்லை, வந்தார். என்னைத் தெருவில் நிற்கச் சொன்னார். போய்க்கொண்டிருந்த இரண்டு சுமட்டுக்காரர்களை நிறுத்தினார்.

"சேட்டன்மாரே, சாரு கை காட்டுறாரு. நல்லா பாத்துக்கோங்க."

இடது கையைக் கீல் வர வேண்டிய பக்கம் நீட்டினேன். வலது கையால் உள்நோக்கித் தள்ளிக் காட்டினேன். ஆசாரி உள்ளே குனிந்து மெதுவாகக் கோடு போட ஆரம்பித்தார். எனக்குத் தோள் வலித்தது.

"கையை எடுக்கட்டுமா?"

"இருங்க சாரே," என்றார் நிமிராமல். "கோடு இன்னும் முடியலை."