ஃபிட்டர் ஸ்டீபன்ராஜின் இடது கை

எங்கள் சபையில் பியானோ வாசிக்கிற ஸ்டீபன்ராஜ் ஒரு மில் ஃபிட்டர். சங்கீதம் என்று யாரிடமும் உட்கார்ந்து கற்றதில்லை. ஐ.டி.ஐ. முடித்த கையோடு வேடசந்தூர் ரோட்டில் ஒரு நூற்பாலையில் சேர்ந்தான். இருபத்திரண்டு வருஷமாக அங்கேதான் இருக்கிறான். முப்பது மெஷின் ஒன்றாக ஓடுகிற இரைச்சலில் எதில் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவான் என்பார்கள். நான் முதலில் நம்பவில்லை. எதையுமே முதலில் நம்புகிற ஆள் இல்லை நான்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மின்வாரிய ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவன், பாடகர் குழுவுக்குச் செயலாளர். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, சுருதி பார்க்கிற இரும்புக் கவை இருக்கும். யாராவது அரைச் சுரம் இறங்கிப் பாடினால் எனக்குப் பல் கூசும். அதை முகத்துக்கு நேரே சொல்லியும்விடுவேன். இதனால் சம்பாதித்த பகை கொஞ்சநஞ்சமில்லை.

கோவிலில் வெள்ளைக்காரர் காலத்துப் பியானோ ஒன்று இருந்தது. பெயருக்குத்தான் பியானோ, அதன் மேல் பூ ஜாடி வைப்போம், அவ்வளவுதான். ஸ்டீபன்ராஜ்தான் ஒருநாள் அதன் முன்பலகையைக் கழற்றினான். உள்ளே எலி குடும்பம் நடத்தியிருந்தது. எட்டு மாதம், ஞாயிறு மதியமெல்லாம், அந்தப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டே கிடந்தான். கட்டைகளுக்கு ஒட்ட மெத்தென்ற தோல் வேண்டியிருந்தது. பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்கிற இஷாக் பாயிடம் போய், காது மடல் மாதிரி இருக்கிற தோலாகப் பார்த்துப் பொறுக்கி வாங்கி வந்தான். வேலை முடிந்த அன்று பாயே நேரில் வந்துவிட்டார். ஸ்டீபன்ராஜ் நாலு கட்டையை அழுத்தினதும் பாய் தாடியைத் தடவிக்கொண்டு, “நம்ம கடைத் தோலா இப்படிப் பேசுது? மாஷா அல்லாஹ்!” என்றார்.

அன்றைக்கு எல்லாரும் போனபிறகு என்னை மட்டும் நிறுத்தினான்.

“சார், செத்த நேரம் ஒரே சுரத்தைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. நான் சொல்றவரைக்கும் விடாதீங்க.”

பிடித்தேன். மூச்சு முட்டினால் எடுத்துக்கொண்டு மறுபடி அதே சுரம். அவன் அதற்கடியில் கார்டு வைத்தான். மூன்று நான்கு சுரங்களைச் சேர்த்து அழுத்துவதைத்தான் கார்டு என்பது. முதலில் வைத்தது புத்தகத்தில் உள்ளது. வழக்கமான ஞாயிற்றுக்கிழமை மாதிரி இருந்தது. அடுத்ததை வைத்தான். அதே சுரம் இழவு வீட்டுச் சுரமாகிவிட்டது. அதற்கடுத்ததில் ஏதோ நல்ல சேதி வாசல் வரைக்கும் வந்து நிற்கிறாற்போல இருந்தது. இப்படி ஒன்பது விதம். நான் இம்மியும் நகரவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஜன்னலில் ஊர் மாறுகிற மாதிரி, நான் பாடின அதே ஒற்றைச் சுரம் அழுதது, சிரித்தது, கேள்வி கேட்டது. கையில் மயிர் குத்திட்டு நின்றது. அறுபது வருஷமாக நான் பாடியது என்ன என்றே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

“என்னப்பா இது?”

“ஜாஸ்ங்கிறாங்க சார். அமெரிக்காவுல கறுப்பு ஜனங்க வளத்தது. மில் பஸ்ல போக வர ஒன்றரை மணி நேரமும் போன்ல இதத்தான் கேக்குறேன். மெட்டுல ஒரு சுரம்கூட மாறாது. இடது கை மட்டும் வேற எடத்துக்குப் போகும்.”

ஆனால் ஆசை இருந்தால் போதுமா? அடுத்த ஞாயிறு காணிக்கைப் பாட்டில் கொஞ்சம் அப்படி வாசித்துவிட்டான். பாதி சபை கண்ணை மூடிக் கேட்டது, மீதிப் பாதி முறைத்தது. “இது ஆராதனையா, ஸ்டார் ஹோட்டலா?” என்று கமிட்டியில் ஒருவர் எகிறினார். கை மயிர் குத்திட்டு நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை. பாட்டு புத்தகத்தில் உள்ளபடிதான் போகவேண்டும் என்று கையெழுத்துப் போட்டேன். ஸ்டீபன்ராஜ் சரி சார் என்றான். அவனுக்குக் கோபமே வராது, அதுதான் எனக்குக் கோபம்.

இனி பேச்சாயி அக்காவுக்கு வருகிறேன். அகரம் கிராமத்தில் அரை ஏக்கர் மல்லிகை போட்டிருப்பவர். ஞாயிறு விடியலில் பறித்து, பூ மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, அப்படியே கோவிலுக்கு வருவார். எங்கள் சபைக்காரர் ஒருவரை விரும்பிக் கட்டிக்கொண்டவர். ஞானஸ்நானத்தில் வேறு பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில் யாரும் கூப்பிட்டதில்லை. எழுதப் படிக்கத் தெரியாது. பாட்டுகள் அத்தனையும் காதால் பிடித்தவை. இந்த வரப்பில் நின்று அந்த வரப்பில் இருக்கிறவரைக் கூப்பிடுகிற குரல்.

அந்தக் குரலில்தான் வந்தது வினை. பழைய ஞானப்பாட்டு ஒன்றில் மூன்றாம் அடி படிப்படியாக ஏறி மேல் ‘ச’வைத் தொடும். அதற்கு முந்தின ‘நி’யில் பேச்சாயி அக்கா எப்போதும் அரைச் சுரம் இறங்கிவிடுவார். அவர் இறங்கினால் பின்வரிசை முழுக்கச் சேர்ந்து இறங்கும். முன்னால் பாடகர் குழு ஒரு பக்கம், பின்னால் சபை ஒரு பக்கம், நடுவில் என் பல் கூசும். ஒருநாள் பொறுக்கமுடியாமல் வாசலில் மறித்துச் சொன்னேன்.

“அக்கா, அந்த எடத்துல நீங்க தப்பாப் பாடுறீங்க. சும்மா வாயசைச்சாப் போதும்.”

“சரி தம்பி” என்றார். அன்றிலிருந்து அந்த ஒரு இடத்தில் மட்டுமில்லை, எந்தப் பாட்டுக்குமே அவர் வாயைத் திறக்கவில்லை. எனக்கு உறுத்தவும் இல்லை. அந்தப் பெரிய குரல் இல்லாததால் பின்வரிசை இறங்குவது முன்னால் கேட்கவில்லை, சுருதி சுத்தமானது என்று சந்தோஷப்பட்டேன். இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

போன ஆனியில் அவர் வீட்டுக்காரரின் மூன்றாம் வருஷ நினைவு நாள் வந்தது. அப்படி ஒரு நாளில் குடும்பத்தார் காணிக்கை கொடுத்து, தங்களுக்கு வேண்டிய பாட்டைப் பாடச் சொல்வது எங்கள் சபை வழக்கம். பேச்சாயி அக்கா கேட்டது அதே பாட்டைத்தான். அடக்கத்தன்று கல்லறையில் பாடியது.

“நீங்கள்லாம் நல்லாப் பாடி விட்ருங்க தம்பி. நான் பாடல. நான் பாடுனா அவரு பாட்டு கெட்டுப்போகும்.”

பியானோவில் தூசி தட்டிக்கொண்டிருந்த ஸ்டீபன்ராஜ் நிமிர்ந்து பார்த்தான். அக்கா போனபிறகு என்னிடம் வந்தான். அவன் குரல் உயர்ந்து கேட்டது அன்று ஒருநாள்தான்.

“சார், அந்த அக்கா தப்பாப் பாடல.”

“என் காது பொய் சொல்லுதா?”

“அந்தப் பாட்டு வந்த ஆறு வாரம் போன்ல பதிவு பண்ணிக் கேட்டேன். பின்னால அம்புட்டுப் பேரும் ஒரே எடத்துல, ஒரே அளவுதான் எறங்குறாங்க. தப்புன்னா ஆளுக்கு ஒரு மாதிரில்ல போகணும்? நூல் சுத்துற ஸ்பிண்டில் முப்பதும் ஒரே பக்கம் சாஞ்சா நாங்க ஸ்பிண்டிலத் திட்ட மாட்டோம் சார். கீழ ஓடுற பெல்ட்டப் பாப்போம். இங்க கீழ ஓடுறது என் இடது கைதான்.”

சட்டைப் பையில் இருந்த கவையைத் தடவினேன். “இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் என்னைய விடுங்க. மொதச் சரணத்துக்கு குழு பாட வேண்டாம். சபை மட்டும் பாடட்டும்” என்றான். கமிட்டிக்கு என்ன சொல்வது என்று பயந்தேன். இருந்தாலும் அந்த அம்மாள் “கெட்டுப்போகும்” என்று சொன்னது காதிலேயே நின்றது. தலையை ஆட்டிவிட்டேன்.

ஞாயிறு வந்தது. பேச்சாயி அக்கா வெள்ளைச் சேலையில் பின்வரிசைத் தூண் ஓரம் நின்றார். வாய் இறுகி மூடியிருந்தது. ஸ்டீபன்ராஜ் மெதுவாகத்தான் ஆரம்பித்தான். முதல் இரண்டு அடியும் புத்தகத்தில் உள்ளபடி. மூன்றாம் அடி ஏறத் தொடங்கியதும் நான் அவன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. கொஞ்சம் தள்ளி, கீழே, எங்கள் சபையில் யாரும் தொட்டிராத ஒரு இடத்தில் இறங்கியது. அதே நேரம் பின்வரிசை அந்த ‘நி’யில் அரைச் சுரம் இறங்கியது. என் பல் கூசவில்லை.

இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தின. மழை பிடித்த செம்மண்ணில் கால் பதிகிற மாதிரி அந்தச் சுரம் கார்டுக்குள் பதிந்து நின்றது. அது தாழ்ந்த சுரமாகவே தெரியவில்லை. அழுகிறவர் மேலே ஏறப் போய், ஒரு நொடி தயங்கி, பிறகு ஏறுவதுபோல இருந்தது. கல்லறைப் பாட்டுக்கு அதைவிடச் சரியான இடம் வேறென்ன இருக்க முடியும்? ஆண்டவரே, இதையா நான் தப்பு என்று வாயை மூடச் சொன்னேன்!

பேச்சாயி அக்கா தலையைத் தூக்கினார். இரண்டாம் சரணத்தில் உதடு பிரிந்தது. மூன்றாம் அடி வந்ததும் குரல் வந்துவிட்டது. தகரக் கூரை அதிர்கிற அதே குரல், அதே இடத்தில் இறங்கி, அவர் வீட்டுக்காரருக்காக ஏறியது. நான் கையில் புத்தகத்தோடு, அச்சில் உள்ளபடி ஏற வாயெடுத்தேன். ஏற முடியவில்லை. என் குரல் தானாக அவர் குரலோடு சேர்ந்து இறங்கியது. என் பின்னால் குழுவும் இறங்கியது. ஸ்டார் ஹோட்டல் என்று எகிறினவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஸ்டீபன்ராஜ் மூடியைச் சாத்திவிட்டு, மதிய ஷிஃப்ட்டுக்கு நேரமாயிற்று என்று சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஓடினான். அவனுக்கு நன்றிகூட யாரும் சொல்லவில்லை. நான் பேச்சாயி அக்காவைத் தேடிப் போனேன். வேப்பமரத்தடியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். முகம் கழுவிவிட்டாற்போல இருந்தது.

“அக்கா, என்னைய மன்னிச்சிருங்க.”

“எதுக்கு தம்பி?” என்றார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. பியானோவில் என்ன மாறியது என்பதும் அவருக்குத் தெரியாது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அதெல்லாம் விடுங்க. இன்னைக்குத்தான் தம்பி நீங்க எல்லாரும் அந்த எடத்துல சரியாப் பாடுனீங்க.”

“ஆமாக்கா” என்றேன்.