சனிக்கிழமை விருந்தாளி

தேங்காயெண்ணெயில் பப்படம் பொரியும் வாசம் எந்த ஊரில் எழுந்தாலும் ஒரு சனிக்கிழமை மதியம் என்மேல் வந்து கவிழ்கிறது. மலையாள எல்லைக்குள் இருந்தாலும் எருத்தேன்பதிப் பக்கம் தமிழ் பேசும் எங்களுக்கு எல்லாமே கடலையெண்ணெய்தான். அன்று மட்டும் அம்மா சித்தூருக்கு ஆள் அனுப்பித் தேங்காயெண்ணெய் வாங்கினாள். வரப்போகிற விருந்தாளிக்காக.

விருந்து எங்கள் டீச்சரின் யோசனை. தெற்கேயிருந்து மாற்றலாகி வந்தவர். பள்ளிக்கூடத்தில் சுவருக்கு இந்தப் பக்கம் தமிழ் வகுப்பு, அந்தப் பக்கம் மலையாள வகுப்பு, மணியடித்தால் கல்லெறி. மனம் நொந்துபோன டீச்சர், "மனுஷ்யர் எல்லாரும் ஒண்ணு, கேட்டோ? ஒராள் வீட்டுக்கு ஒராள் போய், அடுத்தடுத்து இருந்து சோறு உண்ணணும்" என்று எங்களை ஜோடி சேர்த்தார். இந்தச் சனிக்கிழமை ஒருவர் வீடு, அடுத்த சனிக்கிழமை மற்றவர் வீடு. மலையாள வகுப்பில் இரண்டு தலை குறைந்தது. இங்கே மிஞ்சியவர்கள் நானும் சரசுவும். "அப்போ நிங்கள் ரெண்டாளும் ஜோடி."

வீட்டில் "ஒரு புள்ள சாப்பட வருது" என்று மட்டும் சொன்னேன். டீச்சரின் ஏற்பாடு ஊருக்கே தெரிந்திருந்ததால், மலையாளப் பிள்ளைதான் என்றெண்ணி யாரென்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் அது சொல்ல வேண்டிய சேதியாகத் தோன்றவில்லை. அத்தை இரண்டு நாளாக, சாப்பிட்டாச்சா என்று மலையாளத்தில் கேட்கப் பழகினாள், மாட்டிடம். "ஊணு கழிச்சோ? ஊணு கழிச்சோ?" மாடு மென்றபடி பார்த்தது. அப்பா காலையிலேயே சலவை வேட்டி கட்டிக்கொண்டார்.

எண்ணெய் வைத்து வழித்த தலையும் பள்ளிச் சீருடையுமாகச் சரசு வாசலுக்கு வெளியிலேயே நின்றாள்.

அத்தை எட்டிப் பார்த்தாள். "ஏனுங்கண்ணி, இது நம்ம தோட்டத்துக்குக் களையெடுக்க வர்றவ புள்ளதானுங்களே?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றுப் பக்கம் போய்விட்டார். அம்மா கரண்டியோடு சற்று நின்றாள். பிறகு குரலில் வெல்லம் சேர்த்து, "வேப்பமரத்தடியில உக்காரு கண்ணு. காத்தாட இருக்கும்" என்றாள்.

அவளுக்குத் தலைவாழை இலை. எனக்கு உள்ளே எப்போதும்போல் தட்டு. வயிறெரிந்தது. "நானும் மரத்தடிக்குப் போறேன். பக்கத்துல உக்காரோணும்னு டீச்சர் சொன்னாங்க. திங்கக்கெழம கேப்பாங்க!"

"வெயில்ல கருத்துப் போவே. கம்முனு தின்னு." அத்தை என் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே தின்றேன். அம்மா குனியாமல், நின்ற நிலையிலேயே பப்படத்தைப் போட்டாள். உயரத்திலிருந்து விழுந்து இலையில் நொறுங்கியது. எனக்கு ஒன்று, அவளுக்கு மூன்று! இதுதான் மலையாளத்து விருந்துமுறை போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

உண்டதும் சரசு தன் இலையைத் தானே எடுத்துக் குப்பைமேட்டில் போட்டாள். உட்கார்ந்த இடத்தில் தண்ணீர் தெளித்துக் கூட்டினாள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் எந்த விருந்தாளியும் இலையை எடுத்து நான் பார்த்ததில்லை. என் ஜோடி எவ்வளவு பதவிசு என்று பெருமையாக இருந்தது.

"வர்றேனுங்கம்மா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு நடந்தவளுடன் தோட்டத்துப் படல்வரை போனேன். பொறாமை அடங்கவில்லை. "உனக்கு மட்டும் எல, மூணு பப்படம்!"

சரசு என்னை ஒரு தினுசாகப் பார்த்தாள். கோபமில்லை. சின்னக் குழந்தையைப் பார்ப்பது போல.

"அடுத்த சனிக்கெழம வருவியா?"

"வருவேன்."

"எங்க ஊடு சின்னதுதான்" என்றாள். "ஆனா நீ உள்ளயே உக்காந்து சாப்படலாம்."