கிரேட்டுக்குள் ஒரு டிராஃபிக் ஜாம்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை. குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையிலிருந்து எங்கள் ஊர் பிரியும் இடம். ஒரு இளம் இஞ்சினியர் அங்கிருந்த தக்காளி அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட்டின் மேல் கிடந்த சாக்கை விலக்கிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

உள்ளே தக்காளி இல்லை. முப்பத்தோரு செல்போன்கள்!

கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் புரியும்.

எங்கள் ஊருக்கு எதிரே, நெடுஞ்சாலையின் நடுத்தடுப்பில் ஓர் இடைவெளி இருக்கிறது. ஓசூர் பக்கம் போக வேண்டுமென்றால் அதில் புகுந்துதான் எதிர்ப்பக்கம் போக வேண்டும். ஆபத்தான இடம், மறுக்கவில்லை. அதை மூடிவிடலாமா, இல்லை சிக்னல் போடலாமா என்று முடிவு செய்ய ஒரு சர்வே வந்தது. மூடிவிட்டால் கிருஷ்ணகிரி பக்கமாக மூன்று கிலோமீட்டர் போய், பாலத்தடியில் யூ டர்ன் அடித்து, அதே மூன்று கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும். எனக்கென்ன... தினமும் காலை ஆறு மணிக்கு ஓசூருக்கு ஷட்டில் ஆடக் காரில் போகிறவன். இரண்டு பாட்டு கூடுதலாகக் கேட்பேன், அவ்வளவுதான்.

மஞ்சுளாவுக்கு அப்படியில்லை.

மஞ்சுளா எங்கள் பக்கத்துத் தெரு. ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். ஓசூரில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. காலை ஆறேகாலுக்கு எதிர்ப்பக்கம் கம்பெனி பஸ் வரும், இரண்டே நிமிடம் நிற்கும். அவரும், சுற்றியுள்ள நாலைந்து ஊர்ப் பெண்களும் ஸ்கூட்டரில் ரோட்டைத் தாண்டி, அங்குள்ள ஒரு ஷெட்டில் வண்டியைப் போட்டுவிட்டு பஸ் ஏறுவார்கள். மூன்று நாள் பஸ்ஸை விட்டால் நாலாம் நாள் காண்ட்ராக்டர் வேறு ஆளைப் போட்டுவிடுவார். வெள்ளென எழுந்து சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு வருகிற பெண்ணுக்கு ஆறு கிலோமீட்டர் சுற்று என்றால், கிட்டத்தட்ட வேலை போன மாதிரிதான்.

சர்வே எப்படி? முன்பெல்லாம் சாலையோரம் நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். கையில் அட்டை, வண்டிக்கு ஒரு கோடு. இப்போது கம்பத்தில் ஒரு பெட்டியைக் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஓடுகிற காரிலிருந்தும், அதிலிருப்பவர் போனிலிருந்தும் கிளம்பும் புளூடூத், வைஃபை சிக்னலை அந்தப் பெட்டி பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண். பேர், ஊர் எதுவும் தெரியாது. ஒரே எண் இந்தப் பெட்டியில் தெரிந்து அடுத்த பெட்டியில் எப்போது தெரிகிறது என்று பார்த்தால் வேகம் தெரிந்துவிடும். நகராமல் ஒரே இடத்தில் நிறைய எண்கள் நின்றால்? டிராஃபிக் ஜாம்!

பெட்டியைக் கட்ட வந்த இஞ்சினியர் சரவணன்தான் இதையெல்லாம் எனக்கு விளக்கினார். மதுரைப் பக்கத்துப் பையன், பொறுமைசாலி. நான் அசந்துபோய், ஊரெல்லாம் அந்தப் பெட்டிக்குப் பி.ஆர்.ஓ. வேலை பார்த்தேன். "மூடிடுவாங்களா சார்?" என்று மஞ்சுளா கவலையாகக் கேட்டபோதுகூட, "மெஷின் பொய் சொல்லாதும்மா. இத்தனை பேர் தாண்டுறீங்க, அது பாத்துக்கும்" என்று பெரிய மனுஷத்தனமாகச் சொன்னேன்.

பத்து நாள் கழித்து சரவணனிடம் போனில் விசாரித்தேன்.

"நேர் ரோட்டுல கூட்டம் அள்ளுது சார். ஆனா காலைல உங்க ஊர்லருந்து யாருமே கிராஸ் பண்றதில்லையே! ரெண்டு மூணு காரு, அம்புட்டுதான். மூடிரலாம்னுதான் ரிப்போர்ட் போவும் போல..."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேரே மஞ்சுளா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"நாங்க யாரும் போனே எடுத்துட்டுப் போறதில்லீங்களே சார்! கம்பெனிக்குள்ளாற போன் விடமாட்டாங்க. கேட்லயே வாங்கி வெச்சிக்குவாங்க. சாயந்திரம் அத்த திரும்ப வாங்க லைன்ல நின்னா பஸ்ஸு போயிடுது. அதனால எல்லாருமே ஊட்டுலயே வெச்சிட்டுப் போயிடறோம்."

ஸ்கூட்டர்களோ பழசு. அவற்றில் புளூடூத்தும் இல்லை, ஒன்றும் இல்லை. தக்காளி ஏற்றிப் போகும் டிராக்டர் மட்டும் என்ன, வைஃபை வைத்துக்கொண்டா ஓடுகிறது?

என் கதையைப் பாருங்கள். காரில் ஒரு புளூடூத், சட்டைப்பையில் போன், கையில் ஸ்மார்ட் வாட்ச். ஒரே ஆள், மூன்று சிக்னல்! சரவணனிடம் கேட்டதற்கு, "அதெல்லாம் ஒரு சராசரி போட்டுக் கழிச்சிருவோம் சார்" என்றார். சரி, என்னைக் கழித்துவிடலாம். பூஜ்யமாக இருக்கும் மஞ்சுளாவை எதால் பெருக்கி எங்கே கொண்டுபோவது?

"மனு எழுதிக் குடுங்க சார், மேல அனுப்புறேன்" என்றார் சரவணன். எழுதுகிறேன் என்றேன். எழுத்தாளன் அல்லவா... இன்றைக்கு, நாளைக்கு என்று நாலு நாள் போனது.

மஞ்சுளாவின் கணவர் முனிராஜ் அதுவரை காத்திருக்கவில்லை. தக்காளி விவசாயி. காரியம் ஆக வேண்டுமென்றால் கையில் கிடைத்ததை வைத்துச் செய்து முடிக்கிற ஆள். வீடு வீடாகப் போய், வேலைக்குப் போகும் பெண்களின் போன்களை எல்லாம் வாங்கி, புளூடூத்தை ஆன் செய்து, கிரேட்டில் அடுக்கி, மேலே சாக்கைப் போட்டுப் பெட்டி கட்டிய கம்பத்தடியில் வைத்துவிட்டார். மூன்று நாள் காலை, ஆளுக்கு ஒரு போன் என்கிற நேர்மையான கணக்கில்!

அவர் மறந்தது ஒன்றே ஒன்று. வண்டி என்றால் நகர வேண்டும். கிரேட் நகரவில்லை.

ஆபீஸ் திரையில் என்ன தெரிந்திருக்கும்? முப்பத்தோரு வண்டிகள் தினமும் ஒன்றரை மணி நேரம் அசையாமல் நிற்கின்றன. என்ன விபத்தோ என்று பதறி, நாலாம் நாள் காலை சரவணன் பைக்கில் வந்து இறங்கினார். ரோட்டில் ஒரு நெரிசலும் இல்லை. கம்பத்தடியில் கிரேட், பக்கத்தில் காவலுக்கு முனிராஜ். ஷட்டிலுக்குக் கிளம்பிய நானும் காரை ஓரங்கட்டிவிட்டு இறங்கினேன்.

"என்னண்ணே இது?"

"போன் இருந்தாத்தான் ஆளுன்னு உங்க பொட்டி சொல்லுதாமே. அதான் எங்க ஆளுங்கள வெச்சிருக்கறேன்."

"டேட்டாவைக் கெடுத்துட்டீங்களேண்ணே! மூணு நாள் ரெக்கார்டு பூராம் வேஸ்ட்டு. இது மேல தெரிஞ்சா, இந்த ஊர்க்காரங்க ஏமாத்துறாங்கன்னு சொல்லி முதல் வேலையா இதைத்தான் மூடுவாங்க!"

முனிராஜ் முகம் சுண்டிப்போனது. அப்போதுதான் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்த மஞ்சுளாவின் காதிலும் அது விழுந்தது. "உள்ளதும் போச்சா?" என்று கணவரைக் கேட்டார். சண்டை போட நேரமில்லை. பஸ்ஸுக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது.

பின்னாலேயே மற்ற வண்டிகளும் வந்தன. ஒரு ஸ்கூட்டரில் இரண்டு பேர், சிலவற்றில் மூன்று. நடுவே முட்டைக்கோஸ் ஏற்றிய குட்டியானை வேன் ஒன்று, டிராக்டர் ஒன்று. எல்லாம் அந்தச் சின்ன இடைவெளிக்குள் நெருக்கியடித்து நின்றன. முன்னால் நின்ற வண்டிகளின் மூக்கு ரோட்டுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. கண்டெய்னர் லாரி ஒன்று அலறிக்கொண்டு போனபோது, மஞ்சுளா இரண்டு காலையும் ஊன்றி வண்டியைப் பின்னுக்கு உந்தினார். அவர் புடவைத் தலைப்பு காற்றில் பறந்து முகத்தில் விழுந்தது.

நான் தினமும் காரின் கண்ணாடி வழியாகப் பார்க்கிற இடம்தான். கீழே நின்று பார்த்தது அன்றுதான் முதல் முறை.

சரவணன் பையிலிருந்து நோட்டை எடுத்தார், கோடு போட ஆரம்பித்தார். நாலு கோடு, குறுக்கே ஒன்று... ஒரு பக்கம் நிறைந்து மறுபக்கம் திருப்பினார். அதன் பிறகு நாலு நாள் தானே வந்து நின்று எண்ணினார்.

நேற்று அவரிடமிருந்து போன். இடைவெளியை மூடவில்லை. சிக்னலுக்குச் சிபாரிசு போயிருக்கிறது. அது வரும்வரை வேகத்தைக் குறைக்க இரண்டு பக்கமும் பேரிகேடு வைப்பார்களாம்.

நல்ல செய்தியை நானே சொல்ல வேண்டும் என்று ஓடினேன். இரண்டு நன்றியாவது கிடைக்கும் என்ற ஆசை இல்லாமலா?

மஞ்சுளா சிரித்தார். "ரொம்ப சந்தோசங்க சார்" என்றார். போகத் திரும்பினேன்.

"சார்... ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்கமாட்டீங்களே? காத்தால நாங்க அங்க நிக்கறப்ப, பின்னாடி நின்னு ஆரன் அடிக்காதீங்க சார். பயத்துல ஒருநாளு வண்டிய முன்னாடி வுட்டுடப் போறோம்."